மங்கள இசைஞரின் கழுத்தும் தாடையும் ஆலயத்தின் பொறுப்பே

ஆலயத் திருவிழா என்றவுடன் பக்தர்களின் செவியில் முதலில் ஒலிப்பது நாதஸ்வரமும் தவிலுமே. கொடியேற்றம் முதல் விடையாற்றி வரை அவ்விசையின்றி எந்த வைபவமும் நிறைவு பெறுவதில்லை. ஜோகூர் பாரு அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் தொடங்கி, மூவார், குளுவாங், மாசாய் முதலிய ஊர்களின் ஆலயங்கள் வரை, சுவாமி புறப்பாட்டின்போது முன்னே நிற்பவர் நாதஸ்வரக் கலைஞரே. ரதத்திற்கு எத்தனை விளக்கு, அன்னதானத்திற்கு எத்தனை மூட்டை அரிசி என்று மாதக்கணக்கில் கூடி ஆலோசிக்கும் ஆலய நிர்வாகங்கள், அக்கலைஞரின் கழுத்தும் தாடையும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஆலோசிப்பது அரிது. இனியேனும் அது ஆலோசனைக்கு வரவேண்டிய காலம் கனிந்துள்ளது.

திருவிழா நாளில் அக்கலைஞரின் பணி விடியற்காலையில் பூபாளத்துடன் தொடங்குகிறது. அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை என உச்சிக்காலம் வரை அது தொடர்கிறது. மாலையில் வசந்த மண்டப பூஜை. அதன்பின் கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்கச் சுவாமி வெளியே எழுந்தருள்கிறார். ரதமோ அர்ச்சனைத் தட்டு ஏந்தி நிற்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று நகர்கிறது. நள்ளிரவைக் கடந்தும் ஊர்வலம் நீள்வதுண்டு. இத்தனை நேரமும் நின்றபடியோ நடந்தபடியோ அவர் வாசிக்கிறார். பக்கத்தில் உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டால், தம் வாசிப்பு தம் காதிலேயே விழாமல், தேவைக்கு மேல் மூச்சைச் செலுத்தி ஊத நேர்கிறது.

துன்பம் பிறக்கும் இடம்

இன்று பெரிதும் வழக்கிலுள்ள பாரி நாயனம் நீளமானது. ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படுவது. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் உருவாகும் நாதஸ்வரத்திற்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலரும் அறிவர். அக்குழலின் பாரம் முழுவதும் இரு கைகளிலும் தோள்களிலும் இறங்குகிறது. தோள் களைத்ததும் தலை தானாகவே முன்னே நீள்கிறது. தலை உடலுக்கு நேர்மேலே இருக்கும்வரை முதுகெலும்பு அதனைத் தாங்குகிறது. முன்னே நீண்டுவிட்டாலோ, பிடரித் தசைகளே அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிறது. நிறைகுடத்தை இடுப்பில் ஏந்துவதற்கும், கையை நீட்டிப் பிடித்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

தாடையின் நிலையும் இத்தகையதே. சீவாளியை உதடுகளே பற்ற வேண்டும்; பல் கடிக்கலாகாது. ஒரே துளையில் பல நிலைகளில் சுரத்தை அசைத்துக் கமகம் காட்ட, உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் நொடிக்கு நொடி மாற்றியாக வேண்டும். உதட்டுத் தசைகள் ஓய்ந்தபின் அவ்வேலையைத் தாடை ஏற்றுக்கொள்கிறது, பல் இறுகுகிறது. இவ்விறுக்கம் காதுக்குச் சற்று முன்னால் இருக்கும் தாடை மூட்டை வருத்துகிறது. சீவாளி பதமின்றிக் கடினமாக இருந்தால் வருத்தம் இன்னும் கூடும். காலையில் வாய் திறக்கையில் 'கடக்' என்ற ஒலி, மெல்லும்போது வலி, கொட்டாவி விடுகையில் பிடிப்பு, நெற்றிப் பொட்டில் தலைவலி ஆகியவை இதன் அறிகுறிகள். காதருகே வலிப்பதால், காதில்தான் கோளாறு என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்துவோரும் உளர்.

முன்னோர் வழி

பரம்பரை வித்துவான்கள் தேகப் பயிற்சி செய்துவிட்டா வாசித்தார்கள் என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அன்றைய மேளத்தின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்பதே முழு மேளம். ஒருவர் ராகம் வாசிக்கையில் மற்றவர் உதட்டுக்கு ஓய்வு தருவார். தவில் தனி ஆவர்த்தனம் நீளும்போது இருவருமே இளைப்பாறுவர். ஓய்வு என்பது அந்த மரபுக்குள்ளேயே பொதிந்திருந்தது. செலவைக் குறைக்க ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் என்று ஆலயங்கள் சுருக்கியபோது, அந்த ஓய்வும் சுருங்கிவிட்டது.

மரபு மாறாதது என்பதும் முழு உண்மையன்று. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்ச சுருதியில் ஒலித்த திமிரி நாயனத்தை விடுத்து, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்தளித்த நீண்ட பாரி நாயனத்தை ஏற்றார். சுருதி தாழ்ந்தது, இசை இன்னும் இனிமை பெற்றது. கருவியையே கலைக்கேற்ப மாற்றிக்கொண்ட மரபு, கலைஞரின் உடலுக்காகக் கால்மணி நேரத்தை ஒதுக்குவதில் இழுக்கு ஏதுமில்லை.

மேலை நாடுகளில், நாதஸ்வரத்தைப் போன்றே இரட்டை நாணல் கொண்ட ஓபோ, மற்றும் கிளாரினெட் வாசிப்போருக்கும் இத்தகைய தொல்லைகள் உண்டு. மேடைக் கலைஞர்களின் உடல்நலத்திற்கென்றே பிரிட்டனில் 1984 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவச் சங்கம் நிறுவப்பட்டது. இஸ்கந்தர் புத்ரியிலுள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஜோகூர் அணியினர் தசைகளைப் பதப்படுத்தாமல் பந்தைத் தொடுவதில்லை. தொண்ணூறு நிமிட ஆட்டத்திற்கே அவ்வளவு ஆயத்தம் எனில், நாள் முழுதும் வாசிப்பவருக்கு எவ்வளவு வேண்டும்!

செய்யத்தக்க பயிற்சிகள்

இவற்றிற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. வாசிப்பதற்கு முன் பத்து நிமிடம், வாசித்து முடித்தபின் ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, முகவாயை உள்ளிழுத்தல். நிமிர்ந்து அமர்ந்து, பார்வையை நேரே வைத்து, தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும் முகவாயை மட்டும் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்த வேண்டும். பத்து முறை செய்யலாம். முன்னே நீண்ட தலையை அதன் இடத்திற்குக் கொண்டுவருவது இதுவே.

இரண்டாவது, கழுத்தைச் சாய்த்தல். வலக் காதை வலத் தோளை நோக்கி மெல்லச் சாய்த்துப் பதினைந்து நொடி நிறுத்த வேண்டும், தோளைத் தூக்கலாகாது. பிறகு இடப்புறம். அதன்பின் முகத்தை வலமும் இடமும் நிதானமாகத் திருப்ப வேண்டும். தலையை வட்டமாக வேகத்துடன் சுழற்றுவதைத் தவிர்ப்பது நலம்.

மூன்றாவது, தோள்களுக்கு. இரு தோள்களையும் பின்புறமாகப் பத்து முறை சுழற்றி, பிறகு முதுகின் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றையொன்று நெருங்கச் செய்து ஐந்து நொடி நிறுத்த வேண்டும். கருவியைத் தாங்கும் வலிமை இங்கிருந்து வந்தால் கழுத்துக்குப் பாரம் குறையும்.

நான்காவது, தாடையைத் தளர்த்துதல். உதடுகள் மூடியிருக்க, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருக்க, நாக்கின் நுனி மேற்பல் வரிசைக்குப் பின்னால் அண்ணத்தில் படிந்திருக்க வேண்டும். இதுவே தாடையின் இயல்பான ஓய்வு நிலை. நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமலே வாயை மெல்லத் திறந்து மூட வேண்டும். ஆறு முறை போதும். தாடை ஒரு பக்கமாகக் கோணாமல் நேராக இறங்குகிறதா என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, வாசித்து முடித்தபின் செய்வது. கன்னத்தின் பின்பகுதியில், பல்லைக் கடித்தால் புடைத்தெழும் தசையை விரல் நுனிகளால் வட்டமாக மெல்ல நீவ வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் இறுக்கம் தளரும்.

எந்தப் பயிற்சியும் வலியை உண்டாக்கலாகாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வலி அறவே வராது என்ற உறுதியை இவை தரமாட்டா. வாய் முழுதும் திறக்க இயலாமை, தாடை பூட்டிக்கொள்ளுதல், கைக்கு இறங்கும் வலி, விரல்களில் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரையோ பல் மருத்துவரையோ நாட வேண்டும். விரல் மரத்துப்போன பின்னும் திருவிழா முடியட்டும் என்று பொறுத்திருப்பது, கலையையே பணயம் வைப்பதாகும்.

தாம்பூலத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. கலைஞருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மரியாதை, அது நீடிக்கட்டும். ஆனால் நாள் முழுவதும் பாக்கை மெல்லுவது ஓய்ந்திருக்க வேண்டிய தாடையை மேலும் உழைக்க வைக்கிறது. நாளடைவில் வாயின் உட்தசை இறுகி, வாய் திறப்பே குறுகிப்போகும் நோயும் பாக்கினால் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் பாக்கையும் சேர்த்து 2004 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. தட்டில் வைப்பது மரியாதைக்காக இருக்கட்டும். மெல்லுவதற்குப் பழம் இருக்கட்டும்.

நிர்வாகங்களின் கடமை

பயிற்சியைக் கலைஞர் செய்வார். அதற்குரிய நேரத்தை ஆலயமே தர வேண்டும். திருவிழா நிகழ்ச்சி நிரலில் புறப்பாட்டிற்கு முன் கால்மணி நேரம் "மேளம் ஆயத்தம்" என்று அச்சிடப்படட்டும். பெருந்திருவிழாக்களில் இரண்டு நாதஸ்வரத்திற்குக் குறையாமல் அமர்த்தப்படட்டும். ரதம் நிற்கும் இடங்களில் அமர இரண்டு நாற்காலியும் குடிக்க வெதுவெதுப்பான நீரும் இருக்கட்டும். மேளம் வாசிக்கும் இடத்தருகே ஒலிபெருக்கியின் ஓசை குறைக்கப்படட்டும். இரண்டாவது நாதஸ்வரத்திற்கென்று ஓர் உபயதாரர் முன்வந்தால், அது ரதத்திற்கு வழங்கும் மலர் மாலைக்குச் சற்றும் குறைந்த கைங்கரியமன்று.

தமிழகத்திலிருந்து வந்து இங்குப் பணிபுரியும் கலைஞர்களிடம் தனிக் கவனம் தேவை. வலிக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருப்பது இயல்பு. முறையான அனுமதியுடன் பணிபுரியும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் பெர்கேசோ பாதுகாப்பு விரிவாக்கப்பட்டுள்ளது. 2024 ஜூன் முதல், சில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களையும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தழுவி நிற்கிறது. ஊதியம் தரும் ஆலயமும் சட்டத்தின் கண்ணில் முதலாளியே. பதிவும் சந்தாவும் சரிவரச் செலுத்தப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு நிர்வாகமும் சரிபார்த்துக்கொள்வது நலம்.

மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்ளும் மின்சாரக் கருவிகள் பல ஆலயங்களுக்கு வந்துவிட்டன. அவற்றிற்குக் கழுத்து வலிப்பதில்லை. ஆனால் சுவாமியின் அசைவறிந்து ராகத்தை மாற்றவும் அவற்றால் இயலாது. உள்ளூர்ப் பிள்ளைகள் நாதஸ்வரம் கற்க முன்வர வேண்டுமென்று மேடைதோறும் பேசப்படுகிறது. கற்றவர் ஐம்பது வயதிலும் வலியின்றி வாசிப்பதைக் கண்ணால் கண்டால், பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்கமாட்டார்கள்.

அடுத்த திருவிழாவுக்கான கூட்டத்தில் ரதத்தையும் அன்னதானத்தையும் பற்றிய தீர்மானங்களோடு இதுவும் ஒரு தீர்மானமாக இடம்பெறட்டும். இறைவன் செவிகுளிரக் கேட்கும் இசையைத் தருபவரின் உடலைப் பேணுவது, அவ்விறைவனுக்கே செய்யும் தொண்டாகும்.