சேர்வராயன் மலையும் காலியப் பஞ்சமும்

ஏற்காட்டு ஏரியையும் காட்சிமுனைகளையும் பார்த்து முடித்து, சேர்வராயன் கோயில்வரை ஏறிச் செல்லும் யாத்திரிகர்கள், அந்த உச்சித் தட்டில் தங்கள் காலடியில் மிதிபடும் செந்நிறக் கல்லைக் குனிந்து எடுத்துப் பார்ப்பது அபூர்வம். சிறு சிறு உருண்டைகள் ஒட்டி இறுகியிருக்கும் அந்தக் கல்தான் பாக்சைட். சார்னோக்கைட் என்னும் கரும்பாறை யுகயுகமாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் வடிந்துபோன பின்னர், அலுமினியம் மிகுந்த எச்சமாக மலையின் தலைமேல் தங்கிவிட்ட படிவம் அது. 1960-களில் மேட்டூரில் எழுந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ என்று ஊரார் அழைத்த ஆலை, இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இக்கல்லை வெட்டி, லாரி லாரியாக இறக்கிக் கொண்டுபோய் அலுமினியம் காய்ச்சியது. 2008-ஆம் ஆண்டோடு அங்கே உலை அணைந்தது. அதே ஆலையில் ஒரு காலத்தில் காலியம் என்ற அபூர்வ உலோகமும் சிறிதளவு பிரித்தெடுக்கப்பட்டது என்பதை இன்று சேலத்திலேயே பலர் அறியார்.

காலியம் விசித்திரமான உலோகம். ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் அதன் துண்டொன்று, ஏற்காட்டுக் குளிரில் கட்டியாகக் கிடக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் நீராய் நெகிழ்ந்துவிடும். ராடார் கருவிகளுக்கும், எல்இடி விளக்குகளுக்கும், கைபேசியை விரைவில் சார்ஜ் செய்யும் சாதனங்களுக்கும் அது இன்றியமையாதது. உலகில் புதிதாக உற்பத்தியாகும் காலியத்தில் 98 விழுக்காட்டுக்கும் மேல் சீனாவிலிருந்து வருகிறது. இந்த ஏகபோகத்தின் வலிமையை உணர்ந்த சீன அரசு, அமெரிக்கா தனக்குச் சிப்புகளை மறுத்ததற்கு எதிர்வினையாக, 2023 ஆகஸ்ட் முதல் காலியமும் ஜெர்மானியமும் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று விதித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அவற்றை அனுப்புவதையே தடை செய்தது. 2025 ஏப்ரலில், டிரம்ப்பின் சுங்கவரிகளுக்குப் பதிலடியாக, ஸ்காண்டியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களையும் அவற்றால் ஆகும் காந்தங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. யாரோ இருவர் தொடங்கிய வர்த்தக யுத்தத்தில், அந்தக் காந்தங்களுக்காகக் காத்திருந்த நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகளும் தவித்தன.

பஞ்சம் என்றதும் விலை ஏறும், விலை ஏறியதும் முதலீடு செய்யச் சொல்லும் குரல்கள் பெருகும். 'முக்கியக் கனிமம்' என்ற சொல்லைத் தாங்கிய பங்குகளை வாங்கும்படி சேலத்து ஆசிரியரையும் ஓய்வுபெற்ற அலுவலரையும் கைபேசி வழியே இன்று வற்புறுத்துகிறவர்கள், இந்தப் பஞ்சத்தின் இயல்பைச் சொல்வதில்லை. மண்ணில் பொருள் தீர்ந்து வந்த பஞ்சமன்று இது. ஓர் அரசு கையெழுத்திட்டதால் வந்தது, இன்னொரு கையெழுத்தால் விலகக்கூடியது. 2025 நவம்பரில் அமெரிக்காவுக்கான அந்தத் தடையைச் சீனா 2026 நவம்பர் வரை நிறுத்தி வைத்திருப்பதே இதற்குச் சான்று.

பழைய அனுபவமும் நமக்கு உண்டு. 2010-இல் ஜப்பானோடு மூண்ட கடல் தகராறை ஒட்டிச் சீனாவின் அருமண் ஏற்றுமதி சுருங்கி விலைகள் வானளாவியபோது, அமெரிக்காவில் மவுண்டன் பாஸ் சுரங்கத்தை வைத்திருந்த மோலிகார்ப் நிறுவனத்தின் பங்கு, 14 டாலருக்கு வெளியிடப்பட்டு ஓராண்டுக்குள் 70 டாலரைக் கடந்தது. விலை சரிந்ததும் தள்ளாடி, 2015 ஜூனில் அந்த நிறுவனம் திவாலாயிற்று. உச்ச விலையில் வாங்கிய சாமானியர்களின் சேமிப்பு அதோடு போயிற்று. அதே நெருக்கடியில் ஜப்பான் அரசு வேறு விதமாக நடந்துகொண்டது. தன் அரசு நிறுவனத்தையும் சோஜிட்ஸ் வர்த்தகக் குழுமத்தையும் கொண்டு ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் கொடுத்து, விலை விழுந்த ஆண்டுகளிலும் கைவிடாமல் தாங்கிற்று. சீனாவுக்கு வெளியே அருமண்ணைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை ஒன்று இன்று இருப்பதற்கு அந்தப் பொறுமை பெரிய காரணம். அவ்வளவு காலம் தாங்கும் சக்தி அரசுகளுக்கு உண்டு. மகள் கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பவருக்கு இல்லை. ஆகவே, இத்தகைய பங்கை வாங்க நினைக்கும் வாசகர், அந்த நிறுவனத்திடம் சுரங்க உரிமைப் பத்திரம் மட்டும் இருக்கிறதா, சுத்திகரிக்கும் ஆலையும் சரக்கை வாங்க ஒப்புக்கொண்டவரும் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பிந்தியவை இல்லையென்றால் விலகி நிற்பதே உத்தமம்.

காலியத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். காலியத்துக்கென்று உலகில் பெரிதாகச் சொல்லும்படி தனிச் சுரங்கம் கிடையாது. தயிர் கடைந்தால்தான் வெண்ணெய் திரளும் என்பதுபோல, ஒரு டன் பாக்சைட்டில் சுமார் 50 கிராம் அளவில் கலந்திருக்கும் அது, அலுமினா பிரிக்கும் காரக் கரைசலில்தான் சேர்கிறது. அலுமினா ஆலைகள் இல்லாத இடத்தில் காலியம் என்ன விலை விற்றாலும் உற்பத்தி பெருகாது. மலையைத் தோண்டினாலே செல்வம் வந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

மத்திய அரசு 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்தை அறிவித்தது. அதன் நோக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 2025 செப்டம்பரில், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்ததை ஏற்க இயலவில்லை. தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறும்படி பிரதமருக்கு எழுதியது நியாயமே. மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தில் என்ன நடந்தது என்பதை அதற்குள் மறந்துவிட்டோமா? அரிட்டாபட்டியின் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தையும் உள்ளடக்கிய அந்த ஏலம், ஊர் மக்களைக் கேளாமல் விடப்பட்டு, அவர்கள் திரண்டெழுந்த பின்னர் 2025 ஜனவரியில் ரத்தானது. அதில் முதலீட்டாளருக்கும் லாபமில்லை, தேசத்துக்கும் ஒரு கிராம் டங்ஸ்டன் கிடைக்கவில்லை.

நாளை காலியத்தின் பெயரால் சேர்வராயன் உச்சியை மீண்டும் திறக்கலாம் என்று யாரேனும் சொன்னால், மழைநீரைத் தாங்கிச் சுனைகளுக்கு விடுவது அந்தச் செம்படிவம் என்பதையும், கீழே காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் அந்த நீரை நம்பியிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மலைக்குப் போகுமுன் பார்க்கவேண்டிய இடம் மேட்டூரில் இருக்கிறது. பல ஆண்டுகள் பாக்சைட்டைக் கரைத்த ஆலை விட்டுச்சென்ற சிவப்புச் சேற்றில், கரைசலுக்குத் தப்பிய காலியமும் ஸ்காண்டியமும் ஓரளவு தங்கியிருக்கும். அதை லாபகரமாகப் பிரிக்கும் முறை வர்த்தக அளவில் இன்னும் நிலைபெறவில்லை. தனியார் தயங்குவது இயற்கை. கனிம மறுசுழற்சிக்கென மத்திய அரசு ஒதுக்கியுள்ள 1,500 கோடியிலிருந்தோ, தேசிய இயக்கத்தின் நிதியிலிருந்தோ ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி, சேற்றின் மாதிரிகளைச் சோதித்து, டன்னுக்கு எத்தனை கிராம் இருக்கிறது, எடுக்க என்ன செலவாகும், காரநீர் காவிரிக்குப் போகாமல் காக்க என்ன வழி என்ற கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்கும்படி மாநில அரசு கோர வேண்டும். அந்தக் கணக்கு வெளிவரும் வரையில் மலைமேல் புதிய குத்தகை எதையும் கொடுக்கலாகாது.