மயிர்க்கால் அழற்சியும் மருந்துக்கடைக் களிம்பும்

தாடையிலோ தொடையிலோ முடியின் அடியில் சிவந்த கொப்புளங்கள் தோன்றினால், பலரும் முதலில் நாடுவது மருந்துக்கடையையே. அங்கு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, சில நாள்களில் சிவப்பையும் அரிப்பையும் தணிக்கிறது. நோய் தீர்ந்தது என்று நம்பிவிடுகிறோம். தணிந்தது அழற்சி மட்டுமே. கிருமி அங்கேயே இருக்கிறது. களிம்பை நிறுத்தியதும் கொப்புளங்கள் மீண்டும் எழுகின்றன. நெடுநாள் பூசினால் தோல் மெலியும். அக்களிம்பே மயிர்க்கால் அழற்சியைத் தோற்றுவிப்பதும் உண்டு.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. மலசீசியா என்னும் பூஞ்சையாலும் வரலாம். பூஞ்சைக்கு ஆன்டிபயாட்டிக் பயன் தராது; மேலும் பெருகவே இடமளிக்கும். ஆகவே காரணமறியாமல் மருந்திடுதல் தவறு என்பதே என் கருத்து.

லேசான கொப்புளங்கள் வெதுவெதுப்பான நீரொற்றடத்தாலும், தளர்ந்த பருத்தி ஆடையாலும், சில நாள் மழிக்காதிருப்பதாலும் பெரும்பாலும் ஆறிவிடும். பிதுக்காதீர்கள், துண்டையும் சவரக்கத்தியையும் பகிராதீர்கள். கட்டி பெருத்தாலோ காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் வாருங்கள். அடிக்கடி திரும்பி வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். சிலருக்கு நீரிழிவை முதலில் உணர்த்துவது இக்கொப்புளமே.

வரும்போது, பூசிய களிம்பையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். அது நோயின் தோற்றத்தையே மாற்றியிருக்கக்கூடும். உங்களைக் கடிந்துகொள்வதற்காக அன்று, சரியாகக் கண்டறிவதற்காகவே கேட்கிறோம்.