வட்டிக்கு இருந்த உத்தரவாதம்

"என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன்தானே நமக்கு ரயில் விட்டான்!" டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு பற்றி எரிகிறது. நான் சேலத்துக்காரன். சின்ன வயசில் சோற்றை அவசரமாக அள்ளித் தின்றால், "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் ஏண்டா முழுங்குற?" என்று அப்பத்தா அதட்டும். அந்த ஏச்சுக்குள் எத்தனை பிணங்கள் கிடக்கின்றன என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

யாருக்காக ஐயா விட்டார்கள் ரயிலை? கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1853-இல் எழுதிய குறிப்பு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: மாதக்கணக்கில் நடந்து போகும் பட்டாளத்தை நாள்கணக்கில் கொண்டுபோய் இறக்க வேண்டும், உள்நாட்டுப் பருத்தி துறைமுகத்துக்கு வர வேண்டும், இங்கிலாந்துச் சரக்கு நம் சந்தைகளுக்குப் போக வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு லாகூரில் ஸ்டேஷனையே கோட்டையாகக் கட்டினார்கள். சுவரில் துப்பாக்கி நீட்டத் துவாரம் வைத்தது பயணிகளை வரவேற்கவா?

சரி, பணம் யாருடையது? லண்டனில் பங்கு வாங்கியவனுக்கு, ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் வருஷத்துக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று 1849-லேயே கிழக்கிந்தியக் கும்பினி கையெழுத்துப் போட்டது. நிலமும் சும்மா கொடுத்தது. துண்டு விழுந்தால் அரசாங்கம் கட்டும். அரசாங்கத்துக்கு ஏது பணம்? குடியானவன் கட்டிய நிலவரி, கூலிக்காரன் கட்டிய உப்பு வரி. செலவு ஏறினால் பதற ஆளில்லை. வட்டி வந்துகொண்டிருக்கும்வரை, கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினால்கூட முதலாளிக்குக் கவலையில்லை என்று, இந்தியாவின் நிதியைப் பார்த்துக்கொண்டிருந்த மாசி என்ற அதிகாரியே 1872-இல் பாராளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். ஒட்டுமொத்தமாக ரயில்கள் லாபம் காட்டத் தொடங்கியது 1900 வாக்கில்தான். அதுவரை அரை நூற்றாண்டு அந்தச் சுமை எங்கள் முதுகில்.

பஞ்சம் வந்தால் ரயில் காப்பாற்றும் என்கிறீர்களே, சென்னையிலிருந்து சேலம் வழியாக, கேரளக் கரையிலிருக்கும் பேப்பூர் வரை 1862-க்குள் தண்டவாளம் போட்டாயிற்று. அப்பத்தா சொன்ன அந்தத் தாது வருஷம், 1876-இல் மழை பொய்த்தபோது எங்கள் ஊரில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது! தானியம் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. வாங்கக் காசு? மாட்டை விற்று, ஏரை விற்று, கடைசியில் பாத்திரத்தையும் விற்றவன் எதைக் கொடுத்து வாங்குவான்? அதே தண்டவாளம், கொஞ்சநஞ்சம் இருந்த ஊர்களிலிருந்தும் தானியத்தை விலை கூடிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த வருஷங்களிலும் இந்தியக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. விலையில் கைவைக்க மாட்டேன் என்றது வைஸ்ராய் லிட்டனின் அரசு. 1877 புத்தாண்டில் டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக முழங்கினார்கள். அதே ஜனவரியில் லிட்டன் அரசு அனுப்பித் தெற்கே வந்த அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் பண்ணினார். கஞ்சித் தொட்டி வாசலிலேயே சனங்கள் விழுந்து செத்தார்கள். அந்தப் பஞ்சம் தின்ற உயிர்கள் 50 லட்சத்துக்கும் மேல். 1881-இல் தலை எண்ணியபோது, பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட சேலம் மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேர் குறைந்திருந்தார்கள்.

ரயிலுக்குக் கொட்டுவதைக் கால்வாய்க்குக் கொட்டுங்கள் என்று ஒருவர் மன்றாடினார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், அவரும் வெள்ளைக்காரர்தான். அவர் பேச்சு எடுபடவில்லை. தண்ணீரால் குடியானவன் பிழைப்பான். பட்டாளம் வந்து இறங்குமா?

லண்டன்காரன் வட்டிக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்த கைகளுக்கு, அந்த வட்டியைக் கட்டியவனின் ஒருவேளைக் கஞ்சிக்கு உத்தரவாதம் எழுத மனசு வரவில்லையே! இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அதில்தான் போகிறேன். இந்தப் பாதைக்கு வரி கட்டியவர்களும் இதன் ஓரத்தில் பட்டினியால் செத்தவர்களும் ஒரே சனம் என்று நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். அதுவரைக்கும், வெள்ளைக்காரன் ரயில் விட்டான் என்று என் காதுபடச் சொல்லாதீர்கள்.