தாத்தா போட்ட வேஷம்!

வேப்பூர்ப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "பள்ளிக்கூட நாடகத்தில் என்ன வேஷம் போட்டீங்க, தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். நேற்று நடந்ததை மறந்தவருக்குக்கூட அன்றைய வசனம் நினைவுக்கு வரும். பிஞ்சு வயதில் மனப்பாடம் செய்தது, விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கான் மாதிரி. எளிதில் கரையாது.

அவ்வை சண்முகம் 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. அந்தச் சிறுவன் நடிப்பதற்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதினார். இந்த நினைவுகளை 1972-இல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலாகத் தந்தார் சண்முகம். மறு ஆண்டே காலமானார். எழுதாமல் விட்டிருந்தால், பலவும் அவரோடு போயிருக்கும்!

நம் வீட்டுப் பெரியவர்கள் நூல் எழுதப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது, காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். பழங்கதை பேசுவது வெறும் புலம்பல் அல்ல; வாழ்ந்த வாழ்வை மனம் திரும்பிப் பார்க்கிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதினார்.

பள்ளி ஆண்டு விழாக்களில் பழைய மாணவர் ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பேரப்பிள்ளைகளே, தாத்தாவையும் பாட்டியையும் இன்றே கேளுங்கள்!