மருந்தன்று, நஞ்சு!

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களுள் எதற்குச் சென்றாலும், முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வாய்க்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டோ அதுவும் கட்டாமலோ வயலுக்குள் நடக்கும் உழவரைக் காணலாம். என்ன செய்கின்றீர் என்று கேட்டால், 'மருந்தடிக்கிறேன்' என்பதே விடை. நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டத்திலும் அச்சொல்லே. ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக் காட்டிலும் அச்சொல்லே. வத்தலக்குண்டு நெல்வயலிலும் அச்சொல்லே. உயிரைக் கொல்லும் பொருளுக்கு உயிரைக் காக்கும் பொருளின் பெயர்! தமிழில் பிறசொல் கலப்பதைக் கண்டு கொதிக்கும் நாம், தூய தமிழ்ச்சொல் ஒன்று பொய்ச்சான்று கூற இழுத்துவரப்பட்டிருப்பதைக் கண்டும் காணாதிருக்கலாமா?

மருந்தாவது நோயைத் தீர்ப்பது, கொண்டவனை வாழவைப்பது. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் பெரும்பகுதி அளவறிந்து உண்ணுதலைப் பற்றியது. அத்தகைய சொல்லைப் பூச்சிக்கொல்லிக் குப்பியின்மேல் ஒட்டிவிட்டோம். அது செய்யும் தீங்கு சிறிதன்று. மருந்தென்று நம்பியவன் கையுறை தேடான், வெறுங்கையால் கலக்குவான், காற்றுக்கு எதிரே நின்று தெளிப்பான், 'கொஞ்சம் கூட்டி அடித்தால் நன்றாகக் கேட்கும்' என்று அளவை மீறுவான், வெறுங்குப்பியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டு போவான். நஞ்சென்று உணர்ந்தவன் இவற்றுள் ஒன்றையும் செய்யத் துணியான். ஆகவே இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று, உயிர்ச்சிக்கல்.

சான்றுகள் பல. 1958-இல் கேரளத்தில், கப்பலில் வந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் கலந்தது. உண்டவருள் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1984 திசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவளி, பூச்சிக்கொல்லி செய்யும் ஆலையிலிருந்து வெளிப்பட்டதே. காசரகோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை நிறுத்த, 2011 மே 13-ஆம் நாள் உச்சநயன்மன்றத்தின் ஆணை தேவைப்பட்டது. 2013 சூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் நண்பகல் உணவுண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாசு என்னும் பூச்சிக்கொல்லி இருந்ததை ஆய்வு காட்டிற்று. 2017-இல் மராட்டியத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தோருள் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலும் தெளித்தோர் மயங்கி வீழ்ந்தனர், மாண்டாரும் உளர்.

மோனோகுரோட்டோபாசு போன்ற பாசுபர வகை நஞ்சுகள், பூச்சியின் நரம்பை எவ்வாறு தாக்குகின்றனவோ அவ்வாறே மாந்தனின் நரம்பையும் தாக்குகின்றன. நரம்பின் தூண்டலை அவ்வப்போது அணைக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. அணையாத தூண்டலால் கண்மணி சுருங்கும், வியர்வையும் எச்சிலும் பெருகும், வயிறு புரட்டும், மூச்சுத் திணறும். இந்நஞ்சு தோல்வழியாகவும் உட்புகும். ஆதலின் வாயைத் துண்டால் கட்டியதனால் மட்டும் ஒருவன் தப்பிவிட முடியாது. நனைந்த சட்டையே அவனுக்குக் கூற்றுவன் ஆகும்.

இனி, குப்பியின் மேலுள்ள எழுத்தைப் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, பெயர்ச்சீட்டிலும் விளக்கத்தாளிலும் இந்தியும் ஆங்கிலமும் இருத்தல் வேண்டும். அவற்றோடு விற்கும் வட்டாரத்து மொழி ஒன்றோ இரண்டோ சேர்க்கப்படல் வேண்டும். வாங்குபவன் தமிழன்; தெளிப்பவன் தமிழன்; சாகிறவன் தமிழன். அவன் மொழிக்கோ மூன்றாமிடம்! விளக்கத்தாளை விரித்தால், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், கற்றவர்க்கும் விளங்காத நடையில், தமிழ் ஒடுங்கிக் கிடக்கின்றது. நஞ்சின் கடுமையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறக்கட்டங்கள் இடப்படுகின்றன. சிவப்பு மிகக் கொடியது; பச்சை ஒப்பளவில் குறைந்தது. ஆனால் பச்சையென்றால் பசுமை, பசுமையென்றால் நலம் என்றன்றோ எளிய உழவர் கொள்வர்? பச்சைக்கட்டமும் நஞ்சின் கட்டமே என்பதைத் தமிழில் ஒரு வரியாகப் பெரிதாக அச்சிட எவ்வளவு மை செலவாகும்? இந்தித் திணிப்பு என்பது அஞ்சலகப் படிவத்திலும் தொடர்வண்டிப் பலகையிலும் மட்டும் நிற்பதன்று. நச்சுக்குப்பியின் மேலும் அது நிற்கின்றது. அங்கே அது உயிரையும் கேட்கின்றது.

நடுவணரசின் விரைவையும் காண்க. 2020 மே திங்களில் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்வதாக வரைவாணை வந்தது. 2023-இல் முடிவாணை வந்தபோது முழுத்தடைக்கு உட்பட்டவை டைக்கோபால், டைனோகாப், மெத்தோமில் என்னும் மூன்றே. மோனோகுரோட்டோபாசின் பெருவழக்கான நீர்ம வடிவுக்கும் கெடு வைத்துத் தடை விதித்தனர். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை கடையை விட்டு இறங்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறிகளில் பெரும்பகுதி கேரளத்துக்குச் செல்கின்றது. 2015-இல், தமிழகக் காய்கறிகளில் நச்செச்சம் அளவுக்கு மிஞ்சியுள்ளதென்று கேரள அரசு குற்றஞ்சாட்டியது. நம் அரசு மறுத்தது. அன்று நம்மவர் பலர் சினந்தனர். சினத்திற்கு இடமிருக்கலாம். ஆயினும், அண்டை மாநிலத்தான் உண்ணும் காயைப் பற்றி அவன் கேட்கும் கேள்வியை, நம் பிள்ளைகள் உண்ணும் காயைப் பற்றி நாம் கேட்டோமா? நிலக்கோட்டை மல்லிகையை எண்ணுங்கள். மொட்டுப்புழுவுக்கு அஞ்சித் தெளித்த தோட்டத்தில், விடியுமுன் இருளில் பெண்கள் வெறுங்கையால் மொட்டுப் பறிக்கின்றனர். பூவை யாரும் உண்பதில்லையாகலின் எச்சத்தைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. பறிக்கும் விரலும் தொடுக்கும் விரலும் சூடும் தலையும் யாருடையவை?

மண்ணின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நஞ்சு மண்ணில் சேர்ந்தால் என்னவாகும் என்பதைத் திண்டுக்கல் முன்பே கண்டது. நகரைச் சூழ்ந்த தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் கிணறுகளை உப்பாக்கி, வயல்களைப் பாழாக்கியது. 1996 ஆகத்து 28-இல் உச்சநயன்மன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, தண்டம் விதிக்கப்பட்ட ஐந்து மாவட்டத்து ஆலைகளுள் நம் மாவட்டத்து ஆலைகளும் இருந்தன. ஆலைக்கழிவு கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். நாமே கை நிறைய அள்ளி வயலில் வீசுவதோ தெரிவதில்லை.

நல்ல மண் ஒரு தேக்கரண்டியளவில் நூறு கோடி வரை நுண்ணுயிர்கள் வாழும். அவற்றின் உணவு மட்கும் தழையும் எருவும். அவ்வுணவை நிறுத்திவிட்டு யூரியாவை மட்டும் கொட்டினால் பயிர் கரும்பச்சையாய்க் கொழிக்கும். ஆனால் தண்டும் இலையும் மென்மையாகும். மென்மையை நாடிப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். அவற்றைக் கொல்ல நஞ்சு வரும். நஞ்சு சிலந்தியையும் பொறிவண்டையும் முதலில் கொல்லும். காவலர் மாண்டபின் புகையான் முன்னினும் பெருகும். பின்னும் கடிய நஞ்சு வரும். இஃதொரு செக்குச்சுற்று. 2010-இல் நடுவணரசு உரநல்கை முறையை மாற்றியபோது யூரியாவை மட்டும் அதனின்று விலக்கி வைத்தது. மற்றை உரங்களின் விலை ஏற, யூரியா மட்டும் மலிவாய் நின்றது. மலிந்ததை உழவன் மிகுதியாய் இட்டான். குற்றம் உழவனுடையதோ, கணக்குப் போட்டவனுடையதோ?

மீள வழியில்லையா? உண்டு. 1970-களில் புகையானால் நெல்லை இழந்த இந்தோனேசியா, 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையால் தடைசெய்தது, விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. நம் நாட்டிலும் சான்றுண்டு. 2008-இல் கோவையில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் முசுக்கட்டையையும் சூறையாடியது. எத்தனை முறை தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணர்ந்த சிறு குளவியினம் ஒன்றை வேளாண் அறிவியலார் விட்டனர். சில திங்களில் மாவுப்பூச்சி ஒடுங்கிற்று. நஞ்சு தோற்ற இடத்தில் கடுகினும் சிறிய குளவி வென்றது!

நம் மாவட்ட எல்லையையொட்டிய கடவூரில் 'வானகம்' கண்ட நம்மாழ்வார் (1938–2013) சொல்லிவந்ததும் இதுவே. வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அப்பணியை உதறியவர் அவர். அவர் நினைவூட்டியவை பெரும்பாலும் நம் பாட்டன்மார் அறிந்தவையே: ஆட்டுக்கிடை, கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு, வேப்பம்பிண்ணாக்கு, ஊடுபயிர், வரப்போரத்து ஆமணக்கு. இவை செய்முறைகள் மட்டுமல்ல, சொற்கள். கிடை போடுதல் நின்றால் 'கிடை' என்னும் சொல்லும் சாகும். அகரமுதலியில் மட்டும் வாழும் சொல், மண்ணில் வாழாத விதை போன்றது. மண்ணைக் காப்பதும் மொழியைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2021-இல் இலங்கையரசு வேதியுரங்களின் இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தியது. மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, காலமும் இல்லை. விளைச்சல் சரிந்தது, ஈழத்துத் தமிழுழவரும் அத்துயரில் பங்குகொண்டனர், அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. கெட்டுப்போன மண் ஓரிரவில் தேறாது. ஆண்டுப்பயிர் நிலம் உயிர்ம வேளாண்மைச் சான்று பெறவே ஈராண்டும் நெடும்பயிர் நிலம் மூவாண்டும் ஆகும். அவ்விடைக்காலத்து இழப்பைக் கடனில் மூழ்கிய சிற்றுழவன் தலையில் சுமத்திவிட்டு, 'இயற்கைக்குத் திரும்பு' என்று நகரத்து மேடையில் முழங்குவது அறமன்று. தமிழக அரசு 2023-இல் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டதும், 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று அழகுதமிழில் திட்டத்துக்குப் பெயரிட்டதும் பாராட்டத்தக்கன. பெயர் நன்று, செயலும் அப்பெயர்க்கு ஈடாதல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று: தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக் குப்பியின் மேலும் தமிழே முதலிடத்தில், பெரிய எழுத்தில், 'நஞ்சு' என்னும் சொல்லோடு நிற்றல் வேண்டும்.

இரண்டு: ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைச் சந்தைகளில் நச்செச்ச ஆய்வு இடைவிடாது நடத்தப்பெற்று, முடிவு மக்கள் காணத் தமிழில் பலகையில் எழுதப்படல் வேண்டும்.

மூன்று: நஞ்சை விட்டு மாறும் உழவனுக்கு, மண் தேறும் வரை இழப்பீடு வேண்டும். யூரியாவுக்குச் செல்லும் நல்கையில் ஒரு பங்கு எருவுக்கும் தழையுரத்துக்கும் செல்லட்டும்.

நான்கு: தெளிக்கும் கூலியாட்களுக்குக் காப்புடையும், ஊர்ப்புற மருத்துவமனைகளில் நச்சுமுறி மருந்தும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

அரசு செய்யவேண்டியவை இவை. நாம் செய்யவேண்டியதற்கோ ஆணையும் வேண்டா, பணமும் வேண்டா. அன்பர்களே, இன்று முதல் அப்பொருளை மருந்தென்று சொல்லாதீர். கடையில் கேட்கும்போது நஞ்சென்று கேளுங்கள். வயலில் நிற்பவரிடம் 'நஞ்சு தெளிக்கின்றீரா? காற்றைப் பார்த்தீரா? கையுறை எங்கே?' என்று கேளுங்கள். பள்ளியாசிரியர்கள் மாணவர்க்கு இச்சொல்லையே பழக்குக. அம்மாணவர் தம் தந்தையரைத் திருத்துவர். பொருளுக்கேற்ற சொல்லை வழங்குவதே தனித்தமிழின் முதல் நெறி. அந்நெறி நம் ஏடுகளில் மட்டும் வாழ்ந்தாற் போதாது. குடகனாற்றங்கரை வரப்புகளிலும் வாழ்தல் வேண்டும். நஞ்சை நஞ்சென்போம், மண்ணைத் தாயென்போம், தாய்க்கு நஞ்சூட்டோம்!