பூட்டப்படாத கொக்கிகள்

லண்டனின் பிளேஸ்டோ வீடுகளுக்கு மேலே பறக்கும் விமானங்களை நாம் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. 2013 மே 24 அன்று ஹீத்ரோவிலிருந்து ஒஸ்லோவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏர்பஸ் ஏ319 விமானத்தில் 80 பேர் இருந்தார்கள். மேலெழும்பும்போதே இரண்டு எஞ்சின்களின் மூடிக் கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. எரிபொருள் கசிந்தது, ஓர் எஞ்சின் தீப்பிடித்தது. அந்த நிலையில்தான் விமானம் ஹீத்ரோவுக்குத் திரும்பி இறங்கியது. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

நடந்தது இதுதான். இரவுப் பணியில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர் கதவுகளின் கொக்கிகளைப் பூட்டாமல், தேவையான கருவியை எடுக்கப் போனார்கள். திரும்பியபோது வேறொரு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அதன் கதவுகள் பூட்டியிருந்ததால் வேலையை வேறு யாரோ முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் அந்தக் கொக்கிகள் குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் விமானத்தைச் சுற்றிவந்த துணை விமானியின் கண்ணிலும் அவை படவில்லை.

எல்லாப் பயணிகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1985இல் ஜப்பானில் விமான விபத்தில் 520 பேர் மாண்டதற்கு, ஏழாண்டுக்கு முன் தவறாகச் செய்த பழுதுபார்ப்பே காரணம். 2000இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் 88 பேர் இறந்தார்கள். வால்பகுதியின் திருகுத்தண்டுக்குப் போதிய மசகு இடப்படவில்லை.

பழியை இரவுப் பணியாளர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நிறுவனங்கள் அவர்களுக்குப் போதிய ஓய்வும் ஆளும் நேரமும் தர வேண்டும். ஒருவர் முடித்த வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது கட்டாயமாக வேண்டும். தொழில்நுட்பக் கோளாறு என்று விமானம் தாமதமானால், பயணிகளே, பொறுமையாகக் காத்திருங்கள்.