முத்திரை ஒருத்தருது, முதுகு ஒடிஞ்சது இன்னொருத்தருது

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, வெள்ளிப் பாத்திரம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அதுக்குப் பாடற துதி மேலதான் கோவம்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல நியூடிகேட் சென்டர்பீஸ்னு ஒண்ணு இருக்கு. 1743-44ல செஞ்சது. பிரபு வீட்டு விருந்துல பழமும் இனிப்பும் அடுக்கி மேஜை நடுவுல வைக்கறது. ஒரு பெரிய கிண்ணம், சுத்திக் கிளை கிளையா சின்னத் தட்டுகள், இடம் விடாம நகாசு வேலை. அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா லண்டன் போய்ட்டு வந்து பயணப் பதிவு போடற நம்மாளுங்க எல்லாரும் எழுதறது ஒண்ணுதான்: "பால் டி லாமரிங்கற மேதையோட கைவண்ணம்".

கைவண்ணமா? யாரோட கை சாமி?

பாத்திரத்துல அவர் முத்திரை இருக்கேம்பீங்க. சரி, அது என்ன சொல்லுது? அந்தக் காலத்து லண்டன் வெள்ளியில நாலு முத்திரை இருக்கும். சிறுத்தைத் தலை, ஊருக்கு. நடக்கற சிங்கம், 92.5 சதவீதம் வெள்ளிங்கறதுக்கு. ஒரு எழுத்து, வருஷத்துக்கு. நாலாவது, பட்டறை முதலாளியோடது. "கலப்படம் இருந்தா என்னைப் பிடி"ன்னு அர்த்தம். "நான் செஞ்சேன்"னு இல்லவே இல்லை!

இத்தனைக்கும் டி லாமரி, மதக் கொடுமைக்குப் பயந்து பிரான்ஸை விட்டு ஓடின ஹியூகநாட் குடும்பத்துப் பிள்ளை. அகதி வாழ்க்கை தெரிஞ்சவர். அவர் மேலயே 1710-கள்ல பொற்கொல்லர் சங்கம் ஒரு புகார் வெச்சுது. சங்கத்துல இல்லாத ஆளுங்க செஞ்ச சரக்கை, தன் பேர்ல கொண்டுபோய் முத்திரை வாங்கறார்னு!

அவர் பட்டறைச் சரக்குல உச்சம்னு சொல்ற நகாசு சிலதைச் செஞ்சவர் பேரே இன்னிக்கு வரைக்கும் தெரியாது. 1736 வாக்குல மேனார்டு பிரபுவுக்காகச் செஞ்ச தட்டை வெச்சு, ஆய்வாளர்கள் அவருக்கு 'மேனார்டு மாஸ்டர்'னு பேர் வெச்சிருக்காங்க. கொடுமையைப் பாருங்க, செஞ்சவனுக்கு வாங்கினவன் பேரு!

"முதலாளிதானே பணம் போட்டார், ஆர்டர் பிடிச்சார், ஆளுங்களைக் கட்டி மேய்ச்சார்?"னு பின்னூட்டத்துல வருவீங்க. வாங்க. அந்தப் பெருமை மொத்தமும் அவருக்கே. நல்ல தொழிலதிபர்னு எழுதுங்க. ஆனா உளி பிடிச்ச கையை அவர் மணிக்கட்டுல ஒட்ட வெக்காதீங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து பக் சரிபண்ணி, காலையில மேனேஜர் பேர்ல பாராட்டு மெயில் வர்றப்போ பொங்கறோம்ல? அதே பொங்கல் மியூசியத்துலயும் வரணும்.

அடுத்த தடவை எழுதறப்போ 'டி லாமரி பட்டறை'ன்னு எழுதுங்க. ஒரே ஒரு வார்த்தைதான் அதிகம். பேர் தெரியாதவங்களுக்கு அந்த ஒரு வார்த்தைலதான் இடம் இருக்கு.